பொறுப்பும் கொடையும்

தமிழகத்து அரசுப் பள்ளிகள் பலவற்றில் இன்று கழிப்பறைச் சுவரிலும் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் நெற்றியிலும் ஒரே மாதிரியான ஒரு வாசகத்தைக் காணலாம். இன்ன நிறுவனம் தனது சமூகப் பொறுப்புணர்வுத் திட்டத்தின் கீழ் இதனை வழங்கியது என்று நிறுவனத்தின் இலச்சினையோடு நீல வண்ணத்தில் எழுதியிருக்கும். கழிப்பறை தேவையானதுதான். அதைக் கட்டித் தந்தவர் மீது நமக்கு மனக்குறை ஏதுமில்லை. நம்மை உறுத்துவது அந்த வாசகத்தில் உள்ள ஒரு சொல். மொழியோடு பழகுபவர்கள் ஒரு சொல் தன் பொருளைவிட்டு மெல்ல நழுவிப் போவதைக் கண்டும் காணாமல் இருந்துவிடக் கூடாது என்பதாலேயே இதை எழுத நேர்கிறது.

'பொறுப்பு' என்பது பொறு என்னும் வினையடியில் பிறந்த சொல். பொறை என்றால் சுமை. பொறுத்தல் என்றால் தாங்குதல். ஒரு காரியத்தின் சுமையை யார் தாங்குவது என்ற கேள்விக்கு விடையாக நிற்பதே பொறுப்பு. கொடை முற்றிலும் வேறானது. அது தன்னிடம் மிகுந்ததிலிருந்து விரும்பி எடுத்துத் தருவது. தராதவனைக் கஞ்சன் எனலாம், கடன்காரன் என்று சொல்ல முடியாது. மேற்படி சுவரெழுத்து செய்வது கொடை. பெயரோ பொறுப்பு. இந்தப் பெயர் மாற்றம் தற்செயலாக நிகழ்ந்ததன்று, சட்டத்திலேயே அமைந்திருக்கிறது என்பதுதான் நாம் சொல்ல வருவது.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. எவையெல்லாம் சமூகப் பணிகள் என்பதற்குச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை பட்டியல் தருகிறது: பசி ஒழிப்பு, கல்வி, வாழ்வாதார மேம்பாட்டுத் திட்டங்கள், சுற்றுச்சூழல், பொது நூலகங்கள், கலை, பண்பாடு, இன்னும் பல. தொடக்கத்தில் செலவிடாதவர் காரணம் சொன்னால் போதும் என்றிருந்தது. 2021இல் விதிகள் இறுகின. செலவிடாத தொகையைக் குறிப்பிட்ட நிதிகளில் சேர்க்க வேண்டும், தவறினால் தண்டம் என்றாயிற்று. இத்தகைய கட்டாயத்தை உலகில் மிகச் சில நாடுகளே விதித்திருக்கின்றன. அதுவரை நல்ல கதை.

ஆனால் விதிகளில் எவை சேராது என்று சொல்லும் பகுதியையும் வாசிக்க வேண்டும். நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் எதுவும் இக்கணக்கில் சேராது. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது சேராது. வேறு சட்டங்களின் கீழ் செய்தே ஆக வேண்டிய கடமையும் சேராது. இவ்விலக்குகளின் நோக்கத்தில் குற்றம் காண இடமில்லை. தன் சாயக் கழிவைச் சுத்திகரித்ததற்கான செலவையோ, தொழிலாளிக்குத் தந்தாக வேண்டிய பாதுகாப்புக் கருவியின் விலையையோ ஒரு முதலாளி அறக்கணக்கில் எழுதிக்கொண்டால் அது மோசடி அல்லவா? ஆகையால் விலக்கினார்கள், சரியாகவே விலக்கினார்கள். விளைவு மட்டும் விசித்திரமானது. தன் ஆலை, தன் தொழிலாளி, தன் புகை, தன் சாக்கடை ஆகிய இவற்றுக்குத்தான் ஒரு நிறுவனம் முதலில் பொறுப்பு. இவை யாவும் நீங்கலாக மற்றவற்றுக்கு அது செய்யும் செலவுக்கே 'சமூகப் பொறுப்பு' என்னும் பெயர் சட்டத்தில் சூட்டப்பட்டுவிட்டது. ஆண்டறிக்கையில் வண்ணப் படங்களோடு வரும் பக்கங்கள் அந்தச் செலவுக்கு உரியவை. முதலில் சொன்னவை எங்கோ பின்னால், வழக்குகளும் உறுதியாகாத கடன்களும் பேசப்படும் பொடி எழுத்துக் குறிப்புகளில் கிடக்கின்றன.

கொடைக்கானலை எடுத்துக்கொள்வோம். நம் வாசகர்களில் பலரும் அறிந்த ஊர், அறிந்த கதையுங்கூட. ஆயினும் இந்தக் கோணத்திலிருந்து அதை மீண்டும் ஒருமுறை பார்க்கலாம்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் இயங்கிவந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று இடம்பெயர்ந்து கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தினுடையது. உலகளவில் அந்நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது இத்தொழிற்சாலையும் அதன் குடும்பத்துக்குள் வந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவரின் சொத்தாயிற்று. இங்கே செய்த வெப்பமானிகளில் பெரும்பகுதி ஏற்றுமதியானது. காய்ச்சலின் அளவை வேறு நாட்டார் பார்த்தார்கள், பாதரசம் மட்டும் மலையில் தங்கியது என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஆலை நின்ற இடம் பாம்பார் சோலைக்கு மேலே. அங்கிருந்து வழியும் நீர் சமவெளியை நோக்கி இறங்குவது.

2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் சேர்ந்து, மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை வெளிப்படுத்தினார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு நச்சுக் கழிவு திரும்பிப் போவது வழக்கமான திசைக்கு எதிரானது. போராடியவர்கள் பெற்ற பெரிய வெற்றி அது. ஆனால் கண்ணாடியைப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிடலாம், மண்ணையும் உடலையும் அவ்வாறு அனுப்ப முடியாது. மண்ணில் எஞ்சும் பாதரசத்தை எந்த அளவுவரை அகற்ற வேண்டும் என்ற தர்க்கம் அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவு இங்கே முன்வைக்கப்பட்டது. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கான வரம்பு இதனினும் பன்மடங்கு கடுமையாயிற்றே, ஒரே நிறுவனத்துக்கு அங்கொரு நியாயம் இங்கொரு நியாயமா என்று செயல்பாட்டாளர்கள் கேட்டார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்களை வெட்ட நேரும், மண் சரியும் என்று மறுதரப்பு சொன்னது. இவ்வாதத்தை நாம் முழுவதும் ஒதுக்கிவிடவில்லை. சோலைக்காட்டின் விளிம்பில் மண்வெட்டியைப் போடுவது சிறிய காரியமன்று. ஆயினும் அந்த மரங்களின் மீதான பரிவு பாதரசம் கொட்டிய நாட்களிலேயே பிறந்திருக்கலாமே என்று தோன்றாமலில்லை.

தொழிலாளர்களின் கதை இதனினும் நீண்டது. பாதரச ஆவியைச் சுவாசித்ததால் தங்களுக்கும் குடும்பத்தினருக்கும் நோய்கள் வந்தன என்று முன்னாள் ஊழியர்கள் கூறினார்கள். தன் தொழிற்சாலையால் அவர்கள் உடல்நலம் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் கிடந்தது. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் பாடல் இணையத்தில் உலகைச் சுற்றிவந்தது. 2016 மார்ச்சில், அதாவது ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 591 முன்னாள் ஊழியர்கள் தொடர்பாக உடன்பாடு ஏற்பட்டது. பாடல் இல்லாமலும் ஏற்பட்டிருக்குமா என்பதற்கு நிரூபணமில்லை. நமக்கொரு ஊகம் உண்டு.

இனி அந்த உடன்பாட்டின் சொற்களுக்கு வருவோம். நிறுவனம் அதை அறிவித்தபோது, மனிதாபிமான நோக்கில் தரும் கருணைத் தொகை என்றே குறிப்பிட்டது. எதற்கான தொகை? வாழ்வாதார மேம்பாட்டுத் திட்டங்களுக்கும் திறன் மேம்பாட்டுக்கும். ஏழாம் அட்டவணையில் நாம் சற்று முன்பு பார்த்த அதே சொற்றொடர். அத்தொகை சமூகப் பொறுப்புக் கணக்கில் எழுதப்பட்டது என்று நாம் கூறவில்லை, அதற்கு ஆதாரமில்லை. நாம் சுட்டுவது மொழியை. தன் ஆலையில் உழைத்தவர்களோடு பல ஆண்டுகள் வழக்காடி முடித்த ஒரு தருணத்திலும், 'ஈடு' என்ற சொல் வரவேண்டிய இடத்தில் 'கருணை' வந்து அமர்ந்துகொள்கிறது. ஈடு என்றால் வாங்குபவர் நிமிர்ந்து நிற்கலாம். கருணை என்றால் கை தாழ்ந்திருக்க வேண்டும். சட்ட வழக்கில் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் பணம் தருவதற்கான வாய்பாடுதான் இது என்று வழக்கறிஞர்கள் விளக்கக்கூடும். உண்மை. அந்த வாய்பாடு எவ்வளவு இயல்பாக நம் காதில் விழுகிறது என்பதே கவலை.

இதே நிறுவனக் குழுமம் 2010இல் அறிவித்த நிலைத்த வாழ்வுத் திட்டம் உலகெங்கும் பாராட்டப்பட்டது. வளர்ச்சியையும் சுற்றுச்சூழல் பாதிப்பையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவோம் என்ற அந்த அறிவிப்பை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிட நாம் தயாரில்லை. நல்ல காரியங்கள் சில நடந்திருக்கின்றன. ஒரே வீட்டின் முன்கட்டில் விளக்கேற்றுகிறார்கள். பின்கட்டில் வழக்கு நடக்கிறது. முன்கட்டைப் பார்த்தவர்கள் பின்கட்டைப் பற்றிக் கேட்கவில்லை. இதில் பொய் என்று எதையும் தனியே சுட்ட முடியாது. அதனால்தான் இது கடினமான பிரச்சினை.

நிற்க. இலாபமும் பொதுநலமும் ஒத்துப்போக வேண்டும் என்று பேசுவோர் துலாக்கோல் ஒன்றைக் கற்பனை செய்கிறார்கள்: ஒரு தட்டில் இலாபம், மறு தட்டில் நற்பணி. இந்த உவமையிலேயே கோளாறு இருக்கிறது. எளிய கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். கழிவைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்த நூறு ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதைச் செய்யாமல் ஓடையில் கலந்துவிட்டால் நிறுவனத்தின் இலாபம் நூறு ரூபாய் கூடும். கூடிய இலாபத்தில் 2 விழுக்காடு சமூகப் பொறுப்புக்குப் போகும். ஊர் நூறு ரூபாய் இழந்து இரண்டு ரூபாய் பெறுகிறது. அந்த இரண்டு ரூபாய்க்கு நன்றி சொல்லிப் பலகையும் வைக்கிறது. கொடைக்கானல் ஆலை மூடியது இச்சட்டம் வருவதற்கு முன்பு என்பதால் அதற்கு நேராக இக்கணக்கைப் பொருத்த முடியாது. ஆனால் கணக்கின் போக்கு எங்கும் இதுவே. செலவு முழுவதையும் கழித்த பிறகு நிற்பதுதான் இலாபம். யாரோ ஒருவரின் நுரையீரலிலும் கிணற்றிலும் ஒரு பகுதிச் செலவை இறக்கி வைத்துவிட்டு மிச்சத்தை இலாபம் என்றழைத்தால், தட்டில் வைத்ததே தவறான எடை.

மில்டன் ஃபிரீட்மன் 1970இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இவ்விவாதத்தில் தவறாமல் இழுக்கப்படும். தொழில் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு இலாபத்தைப் பெருக்குவதே என்றார். அவரை இடதுசாரி நண்பர்கள் வில்லனாகவே வாசிக்கிறார்கள். நமக்கும் அவரோடு உடன்பாடில்லை. எனினும் பங்குதாரரின் பணத்தை எடுத்து மேலாளர் தன் விருப்பப்படி தர்மம் செய்வது யாருடைய தர்மம் என்று அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. எந்த ஊருக்குப் பள்ளி, எந்த ஊருக்கு மருத்துவ முகாம் என்று ஒரு நிறுவனத்தின் குழு தீர்மானிக்கும்போது, வாக்குப் பெறாத ஒருவர் ஊராட்சியின் வேலையைச் செய்கிறார். மேலும், சட்டத்துக்கும் அறவழக்குக்கும் உட்பட்டே இலாபம் தேட வேண்டும் என்ற நிபந்தனையை ஃபிரீட்மனும் வைத்திருந்தார். அவருடைய குறுகிய அளவுகோலின்படி பார்த்தாலும் கழிவை ஓடையில் விடுவது ஆகாது. நம்மூர் முதலாளிகள் பலர் ஃபிரீட்மனின் முதல் பாதியை மட்டும் வாசித்தவர்கள்.

பொறுப்பு என்பது தொழிலுக்குள்ளேயே இருக்க முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் 1912இலேயே எட்டு மணிநேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியச் சட்டம் அதைக் கேட்பதற்குப் பல்லாண்டுகள் முன்பு. அங்கே எட்டு மணிநேரம் என்பது இலாபத்திலிருந்து எடுத்துத் தந்த தானமாக இருக்கவில்லை. இரும்பு செய்வதற்கு ஆகும் செலவின் பகுதியாக இருந்தது. இதைச் சொல்லும்போதே, அதே குழுமத்தின் ஆலைக்காக 2006 ஜனவரியில் ஒடிசாவின் கலிங்கநகரில் சுவரெழுப்ப முயன்றபோது காவலர் துப்பாக்கிச் சூட்டில் ஆதிவாசிகள் பத்துப் பேருக்கு மேல் மாண்டதையும் சொல்லியாக வேண்டும். நற்பெயர் என்பது முன்கூட்டிச் செலுத்திய கட்டணமாகிவிடக் கூடாது.

திருக்குறளில் ஈகை என்றொரு அதிகாரம் உண்டு, இருபத்து மூன்றாவது. அதற்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்ற அதிகாரத்தை வள்ளுவர் தனியே வைத்திருக்கிறார். இரண்டும் கொடுப்பதைப் பற்றியவைதாமே, இரண்டு அதிகாரம் எதற்கு என்று பள்ளி நாட்களில் தோன்றியிருக்கும். பரிமேலழகர் ஒப்புரவை உலகநடை என்கிறார். ஈகையில் இல்லாதவன் ஒருவன் எதிரே நிற்கிறான். ஒப்புரவில் அப்படி யாரும் கை நீட்டி நிற்பதில்லை. அங்கே வருவன ஊர் உண்ணும் நீர்நிலை, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். யாவும் தம் இருப்பாலேயே பயன்படுபவை. தனியாக விழா எடுத்து வழங்குவதில்லை. நம் சட்டம் கேட்பது ஈகை. கேட்டிருக்க வேண்டியது ஒப்புரவு.

நீர்நிலை என்றதும் ஒரத்துப்பாளையம் நினைவுக்கு வராமல் இராது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த அணை. திருப்பூரின் சாயக்கழிவு வந்து தேங்கித் தேங்கி, அணையைத் திறக்காதீர்கள் என்று உழவரே கேட்கும் நிலைக்கு அது போயிற்று. அந்தச் சாயம் ஏறிய பனியன்களை வாங்கிய மேலைநாட்டு நிறுவனங்கள் பலவற்றிடம் அப்போதே நடத்தை நெறிமுறைகள் இருந்தன. குழந்தைத் தொழிலாளர் உண்டா, தீயணைப்பான் இருக்கிறதா என்றெல்லாம் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். ஆற்றைப் பார்க்க அவர்கள் வரவில்லை. 1996இல் வேலூர் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்திருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை அறவே வெளியேற்றாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடச் சொன்னது. அந்த மாதங்களில் திருப்பூரில் வேலையிழந்தவர்களின் துயரம் பெரிது; அதை மறைப்பதற்கில்லை. பிறகு சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள் என்று சுத்திகரிப்பு முறைகளோடு ஆலைகள் மெல்லத் திறந்தன. துணிக்குச் சாயமேற்றும் கூலியில் ஆற்றின் செலவும் சேர்ந்தது. வழுவே இல்லாமல் நடக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள், மிஞ்சும் உப்பை என்ன செய்வது என்பதும் தீராத தலைவலி. ஆயினும் இந்தச் செலவு எந்த ஆண்டறிக்கையிலும் 'சமூகப் பொறுப்பு' என்று வராது. நொய்யலைப் பொறுத்தமட்டில் பொறுப்பு என்ற சொல்லுக்கு மிக அருகில் வந்த செயல் இதுதான்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஏழாம் அட்டவணையில் கலையும் பண்பாடும் நூலகமும் உள்ளன என்று மேலே கண்டோம். நம் மேடைகளும் விழாக்களும் விருதுகளும் இப்பணத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. 2016 மே மாதம் லண்டன் சவுத்பேங்கில் நடந்த ஜெய்ப்பூர் இலக்கிய விழாவுக்கு வேதாந்தா நிறுவனம் புரவலராக இருந்தது. ஒடிசாவின் நியமகிரி மலையிலும் தூத்துக்குடியிலும் அந்நிறுவனத்தின் மீதிருந்த புகார்களைச் சுட்டி, பங்கேற்க வேண்டாம் என்று எழுத்தாளர்களும் செயல்பாட்டாளர்களும் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சிலர் விலகினார்கள். சிலர் போனார்கள், மேடையிலிருந்தே பேசுவோம் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 மே 22 அன்று, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள் மீது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆலையைத் திறக்கக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது.

லண்டனுக்குப் போனவர்களை நாம் துரோகிகள் என்று ஏசமாட்டோம். சிறுபத்திரிகைக்காரன் அச்சகத்துக்குத் தர வேண்டிய பாக்கி என்னவென்று அறிந்தவர்கள் நாம். நல்ல காகிதத்தில் ஓர் ஆண்டு முழுவதும் இதழ் வர யாரேனும் பணம் தருவதாகச் சொன்னால் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குப் பணம் தருபவர் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு சொல்லையும் வாங்கிக்கொள்வதில்லை. இலக்கிய மேடைக்குத் தருபவர் வாங்குவது சொற்களின் அருகாமையை. நாம் விற்பதற்கு நம்மிடம் வேறென்ன இருக்கிறது?

ஆகையால் நம் வட்டத்தில் ஒரு நடைமுறையை முன்வைக்கிறோம். கூட்டத்துக்கோ விருதுக்கோ ஒரு நிறுவனம் நிதி தர முன்வந்தால், அதன் சமூகப் பொறுப்பு அறிக்கையைப் புரட்ட வேண்டியதில்லை. அது அழகாகத்தான் இருக்கும். பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் தம் பொறுப்பும் நிலைத்தன்மையும் பற்றிய தனி அறிக்கையை ஆண்டுதோறும் அளிக்க வேண்டும் என்று செபி விதித்து, 2022-23 முதல் அது கட்டாயமாகியிருக்கிறது. நீர் எவ்வளவு எடுத்தார்கள், கழிவை என்ன செய்தார்கள், தண்டம் ஏதும் கட்டினார்களா, வேலையிடத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. பதில்கள் வறண்ட மொழியில், கட்டங்களுக்குள் இருக்கும். பணத்தை வாங்கும் முன் அந்தக் கட்டங்களைக் குழுவில் எல்லோருமாக உட்கார்ந்து வாசிப்போம். வாசித்தபின் வாங்குவது என்று முடிவானால், வாசித்ததையும் நன்றியறிவிப்போடு சேர்த்து அழைப்பிதழில் அச்சிடுவோம். அதற்குப் பிறகும் அந்நிறுவனம் பணம் தருகிறதா என்று பார்க்கலாம்.